பதேதா மரத்தில் தொங்கிய சம்பளம்

எங்கள் கல்லூரியில் விளையாட்டுக்காகச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் நான்தான். பந்தை நான் உதைத்ததே இல்லை என்று சொல்ல முடியாது. ஒருமுறை என் பக்கம் உருண்டு வந்த பந்தைத் திருப்பி அனுப்பப் போனேன். பந்து நின்ற இடத்திலேயே நின்றது, என் செருப்பு மட்டும் கோல் கம்பத்தைத் தாண்டிப் போய்ச் சாக்கடையில் விழுந்தது. இருந்தும் மாதாமாதம் என் சம்பளத்தோடு ‘விளையாட்டுப் படி’ என்று ஒரு தொகை சேர்ந்து வந்தது. நானும் கூச்சநாச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

பர்மாவில், மிங்கலாடோன் பக்கம் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் நான் அலுவலகக் கண்காணிப்பாளன். விளையாட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்கு என் குரல்தான் காரணம். எங்கள் கோயில் தீமிதியில் வருஷா வருஷம் மைக் பிடிப்பவன் நான். தொலைந்த பிள்ளை, கிடைத்த சாவி, அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவர் என்று எல்லாவற்றையும் ஒரே பக்தியோடு அறிவிப்பேன். ஒரு வருஷம் வேடிக்கை பார்க்க வந்த கல்லூரி முதல்வர், தெருக்கோடி வரை என் குரல் போவதைக் கவனித்திருக்கிறார். மறுவாரமே கூப்பிட்டு, “மைதானத்துக்கு உங்களை மாதிரி ஒருத்தர்தான் வேணும்” என்றார். என் உடற்கட்டைப் பார்த்துச் சொல்கிறார் என்று நினைத்து அன்று முழுவதும் வயிற்றை எக்கிக்கொண்டு நடந்தேன்.

எங்களுக்குப் பெருமை தேடித் தந்தது பெண்கள் ஃபுட்சால் அணி. சிமெண்டுத் தரையில் பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் கால்பந்து. அதிலும் முக்கியமானவள் கோல் காப்பவள், த்வாண்டேயிலிருந்து வந்து விடுதியில் தங்கி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த பெண். அம்மா வழியில் தமிழ்க் குடும்பம், அப்பா பர்மியர், நெல் விவசாயம். வீட்டில் பேசுவது பர்மீஸ்தான், தமிழ் காதில் விழுந்து புரிந்த மொழி. சுற்றி நிற்பவர்களுக்குப் புரியக் கூடாத விஷயமானால் மட்டும் என்னிடம் தமிழுக்கு மாறுவாள். அவள் தமிழில் ஆரம்பித்தாலே ஏதோ வம்பு வருகிறது என்று அர்த்தம்.

அவள் பந்துக்குப் பாய்ந்து விழும் சத்தம் கேட்டால் என் முழங்கை வலிக்கும். அவளோ எழுந்து லேசாகத் தட்டிவிட்டுக்கொண்டு அடுத்த பந்துக்கு நிற்பாள். அப்படிப் பாயும்போது எடுத்த படத்தைத்தான் கல்லூரி ஓர் ஆள் உயரத்துக்கு அச்சடித்து நாற்சந்தியில் கட்டியிருந்தது. ‘உங்கள் எதிர்காலம் எங்கள் கையில்’ என்று அதன் கீழே எழுதியிருந்தது. படத்தில் கை அவளுடையது. அந்தப் படத்தைப் பார்த்துச் சேர்ந்ததாகச் சொல்லிக் கட்டணம் கட்டிய பிள்ளைகளை நானே என் மேசையில் பார்த்திருக்கிறேன்.

ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கு ஓர் அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம் கொடுப்பது எங்கள் வழக்கம். முட்டையைக் கையில் கொடுப்பது விளையாட்டுப் பொறுப்பாளன், அதாவது நான். ஏதோ பதக்கம் வழங்குவதுபோல ஒவ்வொருவருக்கும் கைகுலுக்கிக் கொடுப்பேன். மீதியானால் எனக்கு. பெரும்பாலும் மீதியாகும்படி பார்த்துக்கொள்வேன்.

அந்த வருஷக் கல்லூரிப் போட்டியின் தொடக்க நாளன்று மைக் பிடித்து நான் ஆற்றிய உரை இன்னும் சிலருக்கு நினைவிருக்கும், எனக்குத்தான் மறக்க மாட்டேன் என்கிறது. “இந்தப் பெண்கள் காசுக்கு ஆடுபவர்கள் அல்ல, அன்புக்கு ஆடுபவர்கள். வியர்வைக்கு விலை பேசினால் அது விளையாட்டு அல்ல, வியாபாரம்” என்று முழங்கினேன். கரகோஷம் எழுந்தது. மைக் செட்டுக்காரர்கூடக் கைதட்டினார். அவருக்கு அன்றைய வாடகை முன்பணமாகவே போய்ச் சேர்ந்திருந்தது. நடுவருக்கும், பந்து விற்றவருக்கும், வண்டி ஓட்டியவருக்கும், பேனர் கட்டியவருக்கும் அப்படியே. அன்று அந்த மைதானத்தில் அன்புக்காக வந்திருந்தவர்கள் காலில் பூட்ஸ் போட்டிருந்த பெண்கள் மட்டும்தான். இது எனக்கு அப்போது தோன்றவில்லை. எதிரொலி நன்றாக வருகிறதா என்பதில் கவனமாக இருந்தேன்.

ஆட்டம் முடிந்து முட்டை வாங்க வந்த கோல் காப்பவள், முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் ஆரம்பித்தாள்.

“ஸயா, மைக்ல பேசுனது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கு ஷ்வேப்யிதா பேக்டரி டீமுல கூப்புட்டுருக்காங்க.”

ஆசிரியரையும் அலுவலகத்துப் பெரியவரையும் ஸயா என்றுதான் இங்கே கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் அந்தச் சொல்லைக் கேட்க எனக்கு மிகவும் பிடிக்கும்.

“பேக்டரின்னா?”

“தைக்கிற பேக்டரி. மெஷின்ல வேலை, ஆட்டத்துக்குத் தனியா காசு. அப்பாவுக்கு முதுகு போயிருச்சு, வயலுக்கு எறங்குறதில்ல. விடுதிக் காச நான்தான் பாத்துக்கணும். மத்த புள்ளைங்க சாயங்காலம் போன் கடையில, டீக்கடையில நின்னு சம்பாதிக்குதுங்க. எனக்குக் காலையிலயும் பயிற்சி, சாயங்காலமும் பயிற்சி. நான் எப்ப நிக்கிறது?”

“படிப்பு?”

“அதான் ஸயா கேக்குறேன். இந்தப் போட்டி முடியிற வரைக்கும் ஆடுறேன். அதுக்குள்ள கல்லூரியில எதாச்சும் குடுத்தா இருந்து படிப்பேன். இல்லன்னா போயிருவேன்.”

அவள் கெஞ்சவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதுபோலக் கேட்டாள். அன்புக்கும் வியர்வைக்கும் இடையில் நான் சற்றுமுன் கட்டிய கோபுரம் ஒரு முட்டை நேரத்தில் சரிந்தது. முதல்வரிடம் பேசுகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

பேசவும் செய்தேன். முதல்வர் நல்ல மனிதர். டீ வரவழைத்தார். “அந்தப் பொண்ணுகிட்ட நாம கட்டணமே வாங்குறதில்ல. படிப்புதான் அவளுக்குச் சம்பளம். மாணவர்களுக்குக் காசு குடுக்கிறது விதியில இல்ல. தவிரவும் அவங்க நம்ம குடும்பம். குடும்பத்துக்குள்ள யாராச்சும் கூலி குடுப்பாங்களா?” என்று கேட்டார். அந்தக் குடும்பத்தில் எனக்கு மட்டும் கூலி உண்டே என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது, டீயில் இன்னும் கொஞ்சம் பால் கிடைக்குமா என்று. வெளியே வரும்போது அவர் சொன்னது முழுக்க நியாயமாகப் பட்டது. மாடிப்படி இறங்கி, நாற்சந்தியில் அவள் பாய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் பாதி நியாயமாகப் பட்டது.

அப்போதுதான் அந்த அபார யோசனை உதித்தது.

மழைக்காலத் தவம் முடிந்து, பொங்கிகளுக்குத் துவராடை வழங்கும் மாதம் அது. பிக்குகளைப் பொங்கி என்பது எங்கள் ஊர்த் தமிழ். அந்த மாதம் தெருத்தெருவாகப் பதேதா மரங்கள் முளைக்கும். மரம் என்றால் மரமல்ல, மூங்கிலிலோ மரச்சட்டத்திலோ செய்த கிளைகள். போவோர் வருவோர் அதில் சாட் பணநோட்டுகளை விசிறிபோல, பூப்போல மடித்துக் குத்திவிட்டுப் போவார்கள். சோப்பும் துண்டும் பற்பசையும்கூடத் தொங்கும். நிறைந்ததும் மேளதாளத்தோடு ஊர்வலமாக மடாலயத்துக்குப் போகும்.

நான் யோசித்தேன். காசு கொடுக்கக் கூடாது என்றுதானே விதி? மரம் கொடுக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லையே. நம் கல்யாணங்களில் மாப்பிள்ளை கழுத்தில் நோட்டு மாலை போட்டால் யாராவது அதைக் கூலி என்கிறார்களா? அணிக்கு ஒரு மரம் வைத்தால் ஊரே குத்தும். இறுதி ஆட்டத்தன்று மைதானத்தில் ஒப்படைத்தால் ஐந்து பேருக்கும் பகிர்ந்து போகும், கோல் காப்பவள் வருஷத்தை முடிப்பாள், எல்லார் மானமும் காப்பாற்றப்படும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

என் மனைவி பௌத்த வீட்டுப் பெண். எங்கள் வீட்டுக் கூடத்தில் முருகன் படமும் புத்தர் மாடமும் அடுத்தடுத்து இருக்கின்றன, இரண்டுக்கும் அவள்தான் பூ வைப்பாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் அந்த வாரம் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். தொலைபேசியில் கேட்டிருக்கலாம். ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்தேன், அதை நினைத்தபடியே செய்தும் முடித்தேன்.

சட்டத்தை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தினேன். யாருக்கு என்று பலகையில் எழுதி வைத்தால் செய்தி கல்லூரிக்கு எட்டிவிடும் என்பதால் எதுவும் எழுதவில்லை. என் பங்காக ஒரு நோட்டை மடித்துக் குத்தினேன். விசிறி மடிக்க வரவில்லை, கசங்கிய பஸ் டிக்கெட் மாதிரி தொங்கியது. உச்சியில் அணியின் நிறத்தில் ஒரு நாடா கட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்து எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. டீக்கடைக்காரர் குத்தினார். காய்கறிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் குத்தினாள். எதிர்வீட்டுப் பெரியவர், என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர், சட்டையைத் திருத்திக்கொண்டு வந்து புது நோட்டாகப் பார்த்துக் குத்திவிட்டுக் கண்மூடி நின்றார். நம் மக்களுக்குப் பெண்கள் ஃபுட்சால்மீது இவ்வளவு பற்றா என்று நெகிழ்ந்துபோனேன். கண்மூடி நிற்கும் அளவுக்கா என்ற சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கண்ணீர்.

இறுதி ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தோம். கடைசி நிமிஷத்தில் பக்கவாட்டில் பாய்ந்து அவள் பந்தைத் தட்டிவிட்டதில் ஜெயித்தோம் என்று சொல்வது சரி. முழங்கையில் ரத்தம். நான் மைக்கைப் பிடித்தேன். வாடகை வண்டியில் மரம் வந்து இறங்கியது, பின்னாலேயே என் தெருக்காரர்கள் நடந்து வந்தார்கள், இரண்டு மேளம் வேறு. அவர்களை நான் கூப்பிடவே இல்லை. ரசிகர்கள் தாமாகத் திரண்டு வருகிறார்கள் என்று அறிவித்தேன்.

“அன்பால் ஆடியவர்களுக்கு அன்பால் பூத்த மரம்! கோல் காத்த வீராங்கனை முன்வந்து பெற்றுக்கொள்ளவும்!”

அவள் வந்தாள். மரத்தைப் பார்த்தாள். தொட நீட்டிய கையை இழுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய், கால் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட்டாள். மற்ற நான்கு பேரும் அப்படியே செய்தார்கள். நான் மைக்கை மூடாமலே, எடுத்துக்கொள்ளச் சொல்லித் தமிழில் கேட்டுக்கொண்டேன்.

“இது பொங்கிக்குன்னு வேண்டிக்கிட்ட காசு, ஸயா.”

“இல்லம்மா, உங்களுக்காக வச்சது.”

“வச்சது நீங்க. குத்துனவங்க?”

திரும்பிப் பார்த்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் நெருங்கி வந்து, மரத்தின் ஒரு கிளையைக் காட்டிப் பர்மீஸில் மெதுவாகச் சொன்னார்: “அது எங்க வீட்டுக்காரி பேர்ல. அவ போய்ச் சேந்து முதல் வருஷம். மடாலயம் இந்தப் பக்கம் இல்லையே, எதுக்கு இங்க கொண்டு வந்தீங்க?”

அந்த மரத்தில் ஒரு நோட்டுகூடப் பந்துக்காகக் குத்தப்பட்டதல்ல, என்னுடைய கசங்கியதைத் தவிர. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வேண்டுதல் இருந்தது. விதிக்குப் பயந்து நான் எழுதாமல் விட்ட பலகையில், தெருவே தன் மனதில் இருந்ததை எழுதிக்கொண்டிருக்கிறது. எத்தனை வருஷம் இந்த ஊரில் நோட்டுகள் குத்தப்படுவதைப் பார்த்திருக்கிறேன், கையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

பிறகு எனக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லாமல் போயிற்று. மேளம் கிளம்பியது. மரத்தின் ஒரு பக்கத்தைக் கோல் காப்பவள் ஏந்திக்கொண்டாள், முழங்கையில் கைக்குட்டை சுற்றியபடி, வெறுங்காலோடு. மற்ற பெண்கள் பின்னால். மடாலயத்தில் எல்லாரும் ‘சாது’, நல்லது என்று மூன்று முறை சொன்னார்கள். மரம் வைத்த கொடையாளர் என்று என் பேரை ஒலிபெருக்கியில் வாசித்து ஒரு கௌரவப் பத்திரமும் கொடுத்தார்கள். அவளுக்கு ஒரு கிண்ணம் பாயசம் கிடைத்தது. அன்று முட்டை கொடுக்கவும் மறந்துவிட்டேன்.

சாயங்காலம் ஊரிலிருந்து திரும்பிய மனைவி, சுவரில் சாய்ந்திருந்த பத்திரத்தைப் பார்த்துக் கதை முழுவதையும் கேட்டாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. பையிலிருந்த கீரையை எடுத்து ஆயத் தொடங்கினாள்.

“என்னங்க, மாசாமாசம் ஒங்களுக்கு விளையாட்டுக்குன்னு காசு வருதுல்ல?”

“ஆமா.”

“அதை அந்தப் புள்ளைகிட்ட குடுத்துருக்கலாமே. மரம் எதுக்கு?”

முருகன் மேல் ஆணையாக, அது எனக்குத் தோன்றவே இல்லை. ஊரார் பையில் கைவிடத் தோன்றியது, கல்லூரிப் பையில் கைவிடத் தோன்றியது. என் சட்டைப்பை மட்டும் நினைவுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது. அன்றைக்குக் கீரைக் குழம்பு ருசிக்கவில்லை.

மறுநாள் விடுதி வாசலில் காத்திருந்து அவளிடம் சொன்னேன். இனி மாதாமாதம் என் படி அவளுக்கு, வருஷம் முடியும் வரை. அவள் அதற்குள் பையைக் கட்டியிருந்தாள். வண்டிக்காகத்தான் நின்றிருந்தாள்.

“கல்லூரி குடுக்குதா ஸயா?”

“இல்ல, நான்தான்.”

“எதுக்கு? நான் ஆடுறதுக்கா, அப்பாவுக்கு முதுகு போனதுக்கா?”

நான் இரண்டுக்கும் என்று சொன்னேன். அவள் மண்டியிட்டு என்னைக் கும்பிட்டாள், இந்த ஊர் வழக்கப்படி. கும்பிட்ட கையை இறக்காமலே, “நீங்க குடுத்தா அது தானம், ஸயா. நல்ல மனசு. நான் கேட்டது கூலி” என்றாள். வண்டி வந்தது. பையைத் தூக்கிவிடப் போனேன், அதற்குள் அவளே ஏற்றிவிட்டாள்.

அவள் போன பிறகும் நாற்சந்தியில் அவள் பாய்ந்துகொண்டே இருந்தாள். புதுச் சேர்க்கை வரப்போகும் சமயம். கூலி இல்லையென்றால் படத்தையாவது இறக்குங்கள் என்று முதல்வரிடம் ஒருவழியாகச் சொன்னேன், இந்த முறை டீயைக் குடிக்காமல். அவர் யோசித்துவிட்டு இறக்கிவிட்டார். அந்த இடத்தில் அடுத்த வாரமே வேறு பேனர் ஏறியது. பதேதா மரத்தின் பக்கத்தில் கையில் மைக்கோடு, வயிற்றை எக்க மறந்து, நான். ‘அறம் வளர்க்கும் கல்லூரி’ என்று கீழே எழுதியிருந்தது.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்கவேண்டுமே. என்னைக் கேட்காமல் என் மூஞ்சியை எப்படிப் போடலாம், போட்டவர்கள் ஒரு காசாவது கொடுத்தார்களா என்று சமையலறை வாசலில் நின்று கத்தினேன். மனைவி கரண்டியும் கையுமாக என்னையே பார்த்தாள். நான் சொன்ன வார்த்தைகள் என் காதுக்கே வந்து சேர்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சில மாதம் கழித்து, பயிற்சி ஆட்டம் ஒன்றுக்கு எங்கள் அணியை ஷ்வேப்யிதாவுக்கு அழைத்துப் போனேன். எதிர்க் கோலில் அவள். புதுக் கையுறை, முழங்கைக்கு உறை. அவளுடைய பை கம்பத்தோரம் இருந்தது, அதில் தொலைநிலைக் கல்விப் பாடப் புத்தகங்கள் துருத்திக்கொண்டிருந்தன. கட்டணத்தைத் தானே கட்டுவதாகச் சொன்னாள். பகலெல்லாம் மெஷின், பிறகு பயிற்சி, அதற்குப் பிறகுதான் படிப்பு. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எங்கள் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டியவள்.

அவர்களுடைய மைக் பிடிக்கும் ஆள் வரவில்லை. தொழிற்சாலை மேலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். ஆட்டம் முழுக்கக் கத்தினேன். எங்கள் பெண்கள் அடித்ததையெல்லாம் அவள் தடுத்தாள், அதையும் நானே அறிவித்தேன். அன்பு, வியர்வை என்ற சொற்கள் மட்டும் வாயில் வரவில்லை.

முடிந்ததும் மேசை போட்டு ஆடியவர்களுக்கு வரிசையாகக் காசு கொடுத்தார்கள். அவள் கையெழுத்துப் போட்டு வாங்கி, எண்ணிப் பார்த்துப் பைக்குள் வைத்தாள். கைகுலுக்கல் கிடையாது. எங்கள் பெண்கள் ஐந்து பேரும் வாழைப்பழத்தை உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலாளர் ஓர் உறையை என் பக்கமும் நீட்டினார். நான் பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் ஆட்டி மறுத்தேன். இதெல்லாம் எதற்கு, ஓர் ஆசைக்காகத்தானே செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

பக்கத்தில் நின்றவள் தமிழில் சொன்னாள்.

“வாங்கிக்குங்க ஸயா. வேலை செஞ்சீங்கல்ல.”

வாங்கிக்கொண்டேன். கையெழுத்துப் போடும்போது எங்கள் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்க முடியவில்லை.